85,000 ரூபாய்க்குள் கட்டித் தரும் கேமிங் கணினி: இரண்டு பட்டியல்களில் எதை நம்புவது?

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளி ஆசிரியன். மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்துவிட்டான். கல்லூரி திறப்பதற்குள் கேமிங் கணினி ஒன்று வாங்கித் தருவதாக ஓராண்டுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அவன் நாள்காட்டியைக் காட்டுகிறான். கையில் 85,000 ரூபாய் இருக்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டும் அறிவு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாததால், கடையிலேயே கட்டி முடித்த கணினியாகத்தான் வாங்க வேண்டும். வேலரண்ட், ஜி.டி.ஏ. 5 ஆகியவற்றோடு சைபர்பங்க் 2077-ஐயும் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்கிறான். பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது.

இரண்டு பட்டியல்கள் வந்துள்ளன. முதலாவது, புதுச்சேரியில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்தது: ஐ7 பன்னிரண்டாம் தலைமுறை, 16 ஜி.பி. ராம், 1 டி.பி. எஸ்.எஸ்.டி. (சேமிப்பகம்), ஆர்.டி.எக்ஸ். 3050 கிராஃபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), நான்கு வண்ண விசிறிகளுடன் கண்ணாடி கேபினெட், 74,000 ரூபாய். இரண்டாவது, இணையத்தில் விற்பது: ரைசன் 5 5600, ஏ520 மதர்போர்டு, 8 ஜி.பி. ராம் இரண்டு, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ஆர்.டி.எக்ஸ். 5060 8 ஜி.பி., 550 வாட் பிரான்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.; 83,000 ரூபாய். ஐ7 என்பது பெரிய எண், எஸ்.எஸ்.டி. இருமடங்கு, விலையும் 9,000 குறைவு என்பதால் என் மனம் முதலாவதில் நிற்கிறது. மகன் இரண்டாவதைத்தான் கேட்கிறான், ஆனால் ஏன் என்று அவனுக்கு விளக்கத் தெரியவில்லை.


வில்லியனூர் வாசி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கணினி பழுது பார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் மகன் சொல்வது சரி. ஆனால் இரண்டாவது பட்டியலிலும் ஒரு முள் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

விளையாட்டில் நாம் காணும் ஒவ்வொரு படத்தையும் வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. எதை வரைய வேண்டும் என்று கணக்கிட்டு அதனிடம் கொடுப்பது பிராசசர். வேலரண்ட் போன்ற எடை குறைந்த ஆட்டத்தில் பிராசசர்தான் முந்தி ஓட வேண்டும். சைபர்பங்க் போன்ற கனமான ஆட்டத்திலோ பிராசசர் தன் வேலையை முடித்துவிட்டுக் கார்டுக்காகக் கைகட்டிக் காத்திருக்கும். ஐ7 12700-இல் 12 கோர்கள் இருப்பது உண்மை. அத்தனை கோர்களும் சேர்ந்தாலும் 3050 கார்டை வேகமாக வரைய வைக்க முடியாது. கல்யாணச் சமையலுக்குப் பன்னிரண்டு பேரைக் காய் நறுக்க உட்கார வைத்துவிட்டு ஒரே ஓர் அடுப்பைப் பற்றவைத்த கதைதான்.

அந்த 3050 எந்த 3050 என்பதும் பட்டியலில் இல்லை. 2022 ஜனவரியில் வந்த 8 ஜி.பி. கார்டும் 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜி.பி. கார்டும் ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. நினைவகம் 2 ஜி.பி. குறைந்ததோடு வேறுபாடு முடிவதில்லை. படத்தை வரையும் சிறு கணக்கு அலகுகளான கூடா கோர்கள் முன்னதில் 2,560, பின்னதில் 2,304. முன்னதன் நினைவகப் பாதை 128 பிட், பின்னதில் 96 பிட். முன்னது 130 வாட் எடுக்கும், பின்னது 70 வாட்டில் அடங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து தனி வயர்கூடத் தேவைப்படாத 6 ஜி.பி. கார்டு, பழைய அலுவலகக் கணினியில் சொருகுவதற்கு நல்ல பொருள்தான். 74,000 ரூபாய்க் கணினியில் அது இருக்க வேண்டிய இடமில்லை. 5060-இல் 3,840 கோர்கள் இருக்கின்றன. நினைவக வேகம் நொடிக்கு 448 ஜி.பி., 6 ஜி.பி. 3050-இல் அது 168 தான். இந்த இடைவெளியை ஐ7 என்ற பெயர் நிரப்பாது.

பட்டியலில் எழுதாமல் விட்டவற்றைப் பாருங்கள். முதல் பட்டியலில் மதர்போர்டின் பெயரே இல்லை, எஸ்.எம்.பி.எஸ்.-க்கு வாட் எண் இருக்கிறது, கம்பெனி இல்லை. ராம் 16 ஜி.பி. என்று இருக்கிறதே தவிர ஒரு குச்சியா இரண்டா என்று இல்லை, எஸ்.எஸ்.டி. வேகம் குறைந்த சாட்டா வகையா, வேகமான என்.வி.எம்.இ. வகையா என்றும் இல்லை. தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல பொருளைப் போட்ட கடைக்காரர் அதன் பெயரை எழுதாமல் விடமாட்டார். பெயரில்லாத இடமெல்லாம் மிச்சம் பிடித்த இடம். ஐ7-ஐ அடிமட்ட எச்610 போர்டில் பொருத்தினால் என்ன ஆகும் தெரியுமா? அந்த பிராசசர் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும். மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதியின்மேல் ஓர் அலுமினியக் கட்டிகூட இல்லாத போர்டு சூடேறி, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7-க்குக் காசு கொடுத்துவிட்டு ஐ5-இன் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இனி இரண்டாவது பட்டியலின் முள். கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பி.சி.ஐ.இ. பாதையில் 5060 எட்டு வழிகளை மட்டுமே பயன்படுத்துகிறது. ஏ520 போர்டு பி.சி.ஐ.இ. 3.0 உடன் நின்றுவிடுகிறது. எட்டு வழிகளோடு பழைய தலைமுறைப் பாதையும் சேரும்போது, சாதாரண நேரத்தில் சிறு இழப்புதான் தெரியும். ஆனால் கனமான ஆட்டத்தில் கார்டின் 8 ஜி.பி. நிரம்பி வழிந்து ராமிலிருந்து தரவை எடுக்க நேரும்போது படம் விட்டுவிட்டு ஓடும். அதே பிராசசரை பி550 போர்டில் கேளுங்கள், அதில் 4.0 பாதை உண்டு.


ரிச்சி தெரு அடிமை (சென்னை, சொந்த ஊர் கடலூர் முதுநகர்)

கட்டிய கணினியே வாங்காதீர்கள் என்பது என் கருத்து. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகனோடு சென்னைக்கு வந்தால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் விலை கேட்டு, ஒவ்வொரு பாகத்தையும் பெட்டியோடு பார்த்து வாங்கலாம்; பூட்டித் தரவும் அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். கட்டிய கணினியில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு கண்ணாடிக்கும் விசிறிக்கும் போகிறது.


வில்லியனூர் வாசி

மறுக்கவில்லை, ஆனால் ஆசிரியர் வீட்டில் பழுது பார்க்க ஆளில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். நான்கு கடைகளில் வாங்கிய பாகங்களில் ஒன்று படுத்தால், எது படுத்தது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை; ராம் கடைக்காரர் போர்டைக் கை காட்டுவார், போர்டுக் கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ்.-ஐக் கை காட்டுவார். இன்னொன்றும் இருக்கிறது. ஏ.ஐ. தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறுமுன் சரக்கு எடுத்து வைத்த கடைகளில், கட்டிய கணினிக்கும் தனிப் பாகங்களுக்கும் இருந்த விலை வித்தியாசம் சுருங்கியிருக்கிறது. புதிய தலைமுறை ராமுக்கான டி.டி.ஆர். 5 போர்டு கேட்காமல் பழைய தலைமுறையான டி.டி.ஆர். 4-இலேயே நில்லுங்கள் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். இந்த பட்ஜெட்டில் ராமுக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ஆயிரமும் கார்டிலிருந்துதான் பிடுங்கப்படும்.


உப்புக்காற்று (தேவனாம்பட்டினம்)

ஒரு சிறு சேர்க்கை. வெள்ளிக் கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் என் வீடு. என் பழைய கணினி ஒருநாள் திரையே வராமல் நின்றது. ராமைக் கழற்றிப் பார்த்தால் தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பற்களில் மங்கலாகப் பச்சைப் புள்ளிகள். பள்ளிக்கூட அழிரப்பரால் மெல்லத் தேய்த்துவிட்டுப் பொருத்தியதும் உயிர் வந்தது. கேபினெட்டின் பின்பக்கத் திருகுகள் இரண்டே மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தலை உதிர்ந்துவிட்டன. எனவே கேபினெட்டில் எத்தனை விளக்குகள் என்று எண்ணாமல், முன்பக்கத்தில் தூசி வலை இருக்கிறதா, அது காற்றோட்டமுள்ள வலை முகப்பா என்று பாருங்கள். முகப்பு முழுவதும் கண்ணாடியாக இருந்தால் விசிறிகள் வண்ணம் காட்டும், காற்றை இழுக்காது. திருப்பாதிரிப்புலியூர் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது, தப்பித்தீர்கள்.

இன்னொன்று, கணினியைத் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அங்கே தரைத்தளத்தில் குடியிருக்கும் என் தங்கை வீட்டில் மேசைக்கு அடியில் இருந்த கணினிக்குள் முழங்கால் தண்ணீர். தண்ணீர் புகுந்ததற்கு எந்த உத்தரவாதமும் வராது.


முதுநகர் அக்கா

பில்லைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் பேசுகிறேன். தம்பி மகனுக்காக ஒரு கடையில் கட்டிய கணினி வாங்கினோம். பதினான்காம் மாதம் கிராஃபிக்ஸ் கார்டு போனது. கடையின் உத்தரவாதம் ஓராண்டு, முடிந்துவிட்டது என்றார்கள். கார்டு கம்பெனி மூன்றாண்டு தருகிறதே என்று அவர்களை அணுகினோம். வரிசை எண்ணோடு கூடிய பில் கேட்டார்கள். எங்கள் பில்லில் இருந்தது ஒரே வரி: ‘கம்ப்யூட்டர் செட், எண்ணிக்கை 1’. அந்த ஒரு வரி எங்களுக்கு வைத்த செலவை இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே ஐயா, பிராசசர், போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., கார்டு, எஸ்.எம்.பி.எஸ். ஆறும் தனித்தனி வரியாக, வரிசை எண்ணோடு பில்லில் இருக்க வேண்டும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். ‘பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்தக் கடைப் படியை இறங்கிவிடுங்கள். புதுச்சேரியில் வாங்கினால் வரி குறைவு என்ற பழைய நினைப்பும் வேண்டாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணினிக்கு இரு பக்கமும் 18 விழுக்காடுதான். எல்லை தாண்டினால் விலை மாறுவது பெட்ரோலுக்கும் பாட்டிலுக்கும் மட்டும்.

தகராறு வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. இணையக் கடையில் வாங்கினாலும் கடலூர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் தொலைவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.


ரிச்சி தெரு அடிமை

மானிட்டர் என்ன வைத்திருக்கிறீர்கள்? அதைக் கேட்காமல் நாம் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.


கெடிலக்கரை

இருப்பது 22 அங்குலம், 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்று பின்னால் ஒட்டியிருக்கிறது. நான் கேள்வித்தாள் தயாரிக்கப் பயன்படுத்துவது.


வில்லியனூர் வாசி

அந்தத் திரை நொடிக்கு 60 படங்களுக்குமேல் காட்டாது. கார்டு 140 வரைந்தாலும் மகன் கண்ணுக்கு வந்து சேர்வது 60 தான். வேலரண்ட் ஆடும் பிள்ளைக்கு இது தெரியும். அதற்காகக் கார்டைக் குறைக்கச் சொல்லமாட்டேன், ஏனென்றால் கார்டை மாற்றுவது கடினம், திரையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தீபாவளிக்கு 144 ஹெர்ட்ஸ் 1080பி திரை ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லி வையுங்கள்; 5060-க்குப் பொருத்தமான திரை அதுதான், 4கே திரைப் பக்கம் போக வேண்டாம். வாங்கிய பிறகு விண்டோஸ் அமைப்பில் போய் 144-ஐத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் 60-இலேயே ஆடிய பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதுச்சேரிக் கடைக்கே திரும்பிப் போய், ஐ7-ஐ எடுத்துவிட்டு ஐ5 12400எஃப் போட்டு, மிச்சமாகும் பணத்தைக் கார்டில் சேர்த்துப் புதிய பட்டியல் கேட்டுப் பாருங்கள். 12400எஃப்-இல் ஆறு கோர்கள். உச்சத்திலும் 117 வாட்தான், போர்டு திணறாது. 22 கிலோமீட்டர் தொலைவில் முகம் தெரிந்த கடை இருப்பது, கூரியரில் பெட்டியைத் திருப்பி அனுப்புவதைவிட மேல். கடைக்காரர் பெயர் எழுத மறுத்தால் இணையப் பட்டியலுக்குப் போங்கள்.


நெய்வேலி ஓய்வூதியன்

மின்வாரியப் பணியில் இருந்தவன் என்பதால் மின்சாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தம்பி. 5060 கார்டுக்கு 145 வாட், பிராசசருக்கு 117 வாட் வரை, மற்றவற்றுக்கு ஐம்பது, திரைக்கு முப்பது என்று கூட்டிப் பாருங்கள். உச்சத்தில் 340-ஐத் தொடும். கடைகளில் கணினிக்கு என்று எடுத்துக் கொடுக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்கக்கூடியது 360 வாட்தான். விளிம்பில் ஓட்டினால் மின்சாரம் போகும் அந்தக் கணத்திலேயே அதுவும் கைவிட்டுவிடும். 1,000 வி.ஏ. அளவில், 600 வாட் என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள். இதையும் 85,000-க்குள் எண்ணிக்கொள்ளாதீர்கள், தனியாக ஒதுக்குங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.-இல் பிரான்ஸ் என்று எழுதியிருப்பது மின்சாரத்தை வீணாக்காத அளவைக் குறிக்கும் சான்று. உள்ளே உள்ள பாகங்களின் உறுதிக்கு அது சான்று ஆகாது. அதனால் எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேளுங்கள். மூன்றுக்குக் குறைந்தால் வேண்டாம். கடைசியாக, உங்கள் வீட்டுப் பிளக்கின் மூன்றாவது துளையில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத வீட்டில் வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் திருகைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கும். அதைக் கணினியின் குறை என்று கடையில் போய்ச் சண்டை போடுபவர்கள் உண்டு.


கெடிலக்கரை

நேற்று மகனோடு கடைக்குப் போய்வந்தேன். நீங்கள் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். கடைக்காரர் முதலில், ‘சார், ஐ7-ஐ விட்டுட்டு யாராவது ஐ5-க்கு இறங்குவாங்களா?’ என்று சிரித்தார். 3050 எத்தனை ஜி.பி. என்று மகன் கேட்டதும் சிரிப்பு நின்றது, 6 ஜி.பி. தான். ராம் ஒரே குச்சி. எஸ்.எம்.பி.எஸ்.-ஐ எடுத்துக் காட்டச் சொன்னேன். தேங்காய் மூடிபோல எடையே இல்லாமல் இருந்தது. அதற்கு ஆறு மாத உத்தரவாதமாம்.

அதன்பின் அவரும் மனம்விட்டுப் பேசினார். ‘கேட்டு வாங்குறவங்க பத்துல ஒருத்தர்தான் சார், மத்தவங்க ஐ7-ன்னு சொன்னாத்தான் உட்காருறாங்க’ என்றார். புதிய பட்டியல் இது: ஐ5 12400எஃப், பி760 டி.டி.ஆர். 4 போர்டு, 8 ஜி.பி. ராம் இரண்டு, 500 ஜி.பி. என்.வி.எம்.இ., ஆர்.டி.எக்ஸ். 5060, ஐந்தாண்டு உத்தரவாதத்துடன் 550 வாட் பிரான்ஸ், வலை முகப்புக் கேபினெட். வண்ண விசிறிகள் நான்குக்குப் பதில் சாதாரண விசிறிகள் மூன்று. 85,500 ரூபாய். ஆறு வரி பில்லுக்கும் வரிசை எண்களுக்கும் ஒப்புக்கொண்டார். விண்டோஸ் மட்டும் ‘போட்டுத் தருகிறேன்’ என்றார். உரிமம் உண்டா என்று கேட்டதற்கு மழுப்பினார். அதைத் தனியாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். முன்பணம் கொடுத்தாயிற்று.


வில்லியனூர் வாசி

500 ஜி.பி. நான்கு பெரிய ஆட்டங்களில் நிரம்பிவிடும், ஆனால் போர்டில் இரண்டாவது என்.வி.எம்.இ. இடம் இருந்தால் பிறகு சேர்க்கலாம். அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றபடி இது நான் என் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் பட்டியல்.


கெடிலக்கரை

கணினி வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் திரை வரவில்லை. விசிறிகள் சுற்றுகின்றன, விளக்கு எரிகிறது, மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்கிறது. கடை மூடும் நேரம். மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.


வில்லியனூர் வாசி

பின்பக்கம் பாருங்கள். மேலே யு.எஸ்.பி. துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு எச்.டி.எம்.ஐ. துளை இருக்கும், கீழே படுக்கைவாக்கில் கார்டின் துளைகள் இருக்கும். வயரை எதில் சொருகியிருக்கிறீர்கள்? எஃப் என்று முடியும் பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, மேலே உள்ள துளை செத்த துளை.


கெடிலக்கரை

மேலேதான் இருந்தது! கீழே மாற்றியதும் படம் வந்துவிட்டது. பில்லில் உள்ள ஆறு எண்களையும் பெட்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், சரியாக இருக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் ராமின் வேகம் 2,666 என்று காட்டுகிறது; பெட்டியில் 3,200 என்று இருக்கிறதே?


வில்லியனூர் வாசி

பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரையில், ராமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட விடும் எக்ஸ்.எம்.பி. என்ற ஒன்று அணைந்திருக்கும், அதை இயக்கிவிட்டுச் சேமியுங்கள். கடையில் பெரும்பாலும் அதைத் தொடமாட்டார்கள்.


கெடிலக்கரை

இப்போது 3,200 காட்டுகிறது. சைபர்பங்க் ஒரு மணி நேரம் ஓடியபின் கார்டின் வெப்பம் 68 டிகிரி. நேற்று இரவு மின்சாரம் போனபோது யு.பி.எஸ். கூவ ஆரம்பித்தது; மகன் நிதானமாக ஆட்டத்தைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தான். ஒரே ஒரு சந்தேகம்: யு.பி.எஸ்.-இல் மூன்றாவது துளை காலியாக இருந்ததால் என் லேசர் பிரிண்டரையும் அதிலேயே சொருகிவிட்டேன். தவறில்லையே?


நெய்வேலி ஓய்வூதியன்

உடனே கழற்றுங்கள் தம்பி. லேசர் பிரிண்டருக்குள் மையை உருக்கும் சூட்டு உருளை இருக்கிறது. அது ஒரு கணத்தில் இழுக்கும் மின்சாரத்துக்கு உங்கள் 600 வாட் போதாது.


கெடிலக்கரை

கழற்றிவிட்டேன் ஐயா. பிரிண்டரை நேராகச் சுவர்ப் பிளக்கில் போட்டுவிட்டேன்.